கடைசி வரிசை என்னும் மாயை: நாற்சுவர் நடனத்தில் புதியவர் நிற்க வேண்டிய இடம் குறித்து ஓர் ஆய்வு

ஆடிப் பழக்கமில்லாத ஒருவர் நடனக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது கடைசி வரிசையைத்தான். வகுப்பில் கடைசி பெஞ்சு, கூட்டத்தில் கதவோர நாற்காலி என்று மனிதர் தம் அறியாமையை இறக்கி வைக்க எங்கும் ஓரிடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த இடம் எப்போதும் பின்னால்தான் இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் வந்ததில்லை. அமெரிக்க நகரங்களில் நடக்கும் கன்ட்ரி லைன் டான்ஸ் விருந்துகளுக்குப் புதிதாக வருகிறவர்களும் இந்த நம்பிக்கையோடுதான் படியேறுகிறார்கள். ஜோடி தேவையில்லை, முன்பயிற்சி தேவையில்லை, ஆட்டத்துக்கு முன் பாடம் உண்டு என்று அழைப்பில் போட்டிருக்கும். வந்தவர் பூட்ஸ் சத்தம் எழாமல் ஓரமாக நடந்து, எல்லோருக்கும் பின்னால், முடிந்தால் மூலையிலேயே, போய் நின்றுகொள்வார். இவ்வாய்வின் துணிபு ஒன்றுதான்: அந்தக் கூடத்திலேயே மிக ஆபத்தான இடம் அது. லைன் டான்ஸில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. இருப்பதுபோல் தோன்றுவதெல்லாம் முதல் அரை நிமிடத்துக்கு மட்டும்.

இதை நிறுவுவதற்கு முன் சுவர் என்ற கலைச்சொல்லை விளக்கியாக வேண்டும். லைன் டான்ஸில் எல்லோரும் வரிசை வரிசையாக, ஒரே திசை பார்த்து, யாரையும் தொடாமல், ஒரே அடிவைப்புகளை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். அடிவைப்புகளின் தொகுதி பெரும்பாலும் 32 எண்ணிக்கையில் முடியும். 48, 64 என்று நீள்பவையும் உண்டு. தொகுதி முடியும்போது ஆடுகிறவர் தொடங்கிய திசையையே பார்த்திருந்தால் அது ஒருசுவர் நடனம். முதுகுப்புறம் திரும்பியிருந்தால் இருசுவர். கால் திருப்பம் திரும்பியிருந்தால் நாற்சுவர். ஏனெனில் நான்கு சுற்றில் நான்கு சுவரையும் பார்த்தாக வேண்டும். அடிவைப்புகளை எழுதிவைக்கும் தாள்களில் இந்தத் திசைகளைக் கடிகார மணியாகக் குறிப்பார்கள். தொடங்கும் சுவர் பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, பின்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஒன்பது. இப்போது கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் 32 எண்ணிக்கை 16 விநாடியில் தீரும். நாற்சுவர் நடனத்தில் இரண்டு சுற்று முடிந்ததும், அதாவது 32 விநாடியில், மொத்தக் கூட்டமும் ஆறு மணியைப் பார்த்து நிற்கும். அப்போது கடைசி வரிசை எங்கே? அதுதான் முதல் வரிசை. அதுவரை புதியவர் யார் முதுகைப் பார்த்து ஆடினாரோ அந்த முதுகுகளெல்லாம் இப்போது அவருக்குப் பின்னால் இருக்கின்றன. எதிரே இருப்பது வெறும் சுவர்; அதில் ஒருவேளை ஒரு மாட்டுத்தலை எலும்பு மாட்டியிருக்கலாம். அதனிடம் அடுத்த அடி என்ன என்று கேட்க முடியாது.

மூலையில் நின்றவர் நிலை இன்னும் மோசம். மூன்றரை நிமிடப் பாட்டில் ஏறத்தாழ பதின்மூன்று சுற்று வரும். கடைசி வரிசையின் நடுவில் நின்றவர் நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டுமே முன்னணியில் இருப்பார். பின்மூலையில் நின்றவரோ இரண்டு சுவர்களுக்கு முன்னணியில் இருப்பார். ஏனெனில் மூலை என்பது இரண்டு ஓரங்கள் சேரும் இடம். வெட்கம் அதிகமாக அதிகமாக மனிதர் மூலையை நோக்கி ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்க அவர் வெளிச்சத்தில் நிற்கும் நேரம் இரட்டிப்பாகிறது. மறைய விரும்புகிறவரையே தேடிப்பிடித்து முன்னால் நிறுத்தும் ஏற்பாடு இதைப்போல் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் பழமொழி அவளைக் கேலி செய்கிறது. நாற்சுவர் நடனத்தில் அவள் கூற்றைக் கொஞ்சம் நின்று கேட்டிருக்கலாம். கூடம் கோணலில்லை, ஆனால் அது திரும்பிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை புதியவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டால், அவர்கள் அலை அலையாக வருகிறார்கள் என்பதே விடை. வரிசையாக நின்று ஆடுவது கௌபாய்களின் தனிச்சொத்து அல்ல. ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் பிறந்த மேடிசன் என்ற ஆட்டம் 1960-இல் பால்டிமோரின் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சி வழியாக நாடெங்கும் பரவியபோது அதில் கௌபாய் தொப்பிக்கு வேலையே இருக்கவில்லை. பிறகு டிஸ்கோ வந்தது. 1980-இல் ஜான் டிரவோல்டா நடித்த அர்பன் கௌபாய் படம் டெக்சஸின் பாசடீனாவில் இருந்த கில்லீஸ் விடுதியைத் திரையில் காட்டியது. நகரத்து அலுவலகக்காரர்கள் பூட்ஸ் வாங்கினார்கள். 1992-இல் பில்லி ரே சைரஸின் ஏக்கி பிரேக்கி ஹார்ட் என்ற பாட்டு வந்தது. அதற்கு மெலனி கிரீன்வுட் அமைத்த ஆட்டத்தோடு மறுபடியும் பூட்ஸ் விற்றது. 1994-இல் நாஷ்வில்லில் திறந்த வைல்ட்ஹார்ஸ் சலூன் ஆட வருவோருக்குப் பாடமும் எடுத்தது. 2024 பிப்ரவரியில் பியான்சேயின் டெக்சஸ் ஹோல்ட் எம் என்ற பாட்டு வெளியானபோது அடுத்த அலை. ஒவ்வொரு அலையும் கூடத்துக்குள் கொட்டுவது ஒரே வகை மனிதர்களைத்தான். ஜோடி இல்லாமல் ஆடலாம் என்பதால் துணிந்து வருகிறவர்கள் அவர்கள். ஜோடி நடனத்தில் ஒருவர் தவறினால் கால் மிதிபடுகிறவர் ஒரே ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் மன்னித்துவிடுவார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனித் தடைகளுக்கு வருவோம். ஒருசுவர் நடனங்கள் இருக்கின்றனவே, அவற்றில் கடைசி வரிசை கடைசியாகவே இருக்குமே என்பார் உளர். இருக்கும். ஆனால் விருந்தில் அடுத்து வரும் பாட்டு ஒருசுவரா நாற்சுவரா என்பது புதியவருக்குத் தெரியாது. தெரிந்தவர் புதியவர் அல்லர். இத்தடை இத்தோடு நின்றது.

ஆடாமலே தரையின் ஓரத்தில் நின்று, வேண்டுமானால் ஆடுவதுபோல் லேசாக அசைந்து, பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்பது அடுத்த தடை. இதை எழுப்புகிறவர் கன்ட்ரி நடனத் தரையின் போக்குவரத்து விதிகளை அறியாதவர். தரையின் நடுப்பகுதி வரிசையாட்டக்காரர்களுக்கு. வெளி விளிம்பு டூ-ஸ்டெப் ஆடும் ஜோடிகளுக்கு. அவர்கள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், தரையைச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஓரம் என்று புதியவர் நம்பி ஒதுங்கிய இடம் ஒரு நெடுஞ்சாலை. அதில் நின்று அசைவது, தேசிய நெடுஞ்சாலையின் வலப்பக்கத் தடத்தில் மிதிவண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசி பார்ப்பதற்கு ஒப்பாகும். கையில் பானக் கோப்பையும் இருந்தால் குற்றம் இரண்டு. தரைக்குக் கோப்பை கொண்டுவரக் கூடாது என்பது இக்கூடங்களில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி, காரணம் மதுவிலக்கு அல்ல. தோல் அடி வைத்த பூட்ஸ் வழுக்கித் திரும்புவதற்காகவே விரும்பப்படுவது. சிந்திய பீர் அந்தத் திருப்பத்துக்கு அளவுக்கு மிஞ்சி உதவிவிடும்.

மூன்றாவது தடை வலுவானது, ஆதலால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆசிரியர்தான் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அடுத்த அடியைக் கூவிக்கொண்டே இருக்கிறாரே, எதிரே முதுகு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது அத்தடை. கூவுவதன் தொன்மையையும் சான்றாகக் காட்டுவர். 1960-இன் மேடிசன் இசைத்தட்டிலேயே அடிகளைச் சொல்லும் குரல் உண்டு. சிகாகோவின் டிஜே காஸ்பர் 2000-இல் வெளியிட்ட சா சா ஸ்லைடில் பாட்டே கட்டளையாக இருக்கிறது. இடது என்றால் இடது, குதி என்றால் குதி. உண்மை. ஆனால் அந்தப் பாட்டுகளில் கட்டளைகள் மனித மொழியில் இருக்கின்றன. கன்ட்ரி ஆசிரியர் கூவுவது வேறொரு மொழி. கோஸ்டர் ஸ்டெப் என்பார். ஒரு காலைப் பின்னால் வைத்து, மறுகாலைச் சேர்த்து, முதல் காலை முன்னால் வைக்க வேண்டும் என்பது அதன் பொருள். சொல்லில் பின்னும் இல்லை, முன்னும் இல்லை. செய்லர் ஸ்டெப் என்பார். மாலுமிக்கும் ஒரு காலை மறுகாலின் பின்னால் குறுக்கே வைத்து இருபுறமும் அகட்டுவதற்கும் என்ன உறவு என்றால், ஆடும் கப்பல் தளத்தில் நடக்கிறவன் அப்படித்தான் தள்ளாடுவான் என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை யோசித்து முடிப்பதற்குள் இரண்டு தட்டு போய்விடும். மான்டரே டர்ன் என்பது கலிபோர்னியாவின் கடற்கரை ஊர் ஒன்றை நினைவூட்டும். காலுக்கு ஒன்றையும் நினைவூட்டாது. இவற்றுள் தன் வடிவத்தைத் தானே சொல்வது ஜாஸ் பாக்ஸ் ஒன்றுதான். குறுக்கே, பின்னே, பக்கம், முன்னே என்று வைக்கும் நான்கு அடியும் தரையில் ஒரு பெட்டி போடும். அதிலும் பாதிப் பெயர் வீண்.

இதில் தமிழருக்கென்று தனியாக ஓர் இடர் உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பக்கவாட்டில் ஓர் அடி, பின்னே குறுக்கே ஓர் அடி, மீண்டும் பக்கவாட்டில் ஓர் அடி, பிறகு ஒரு தொடல் என்று நான்கு எண்ணிக்கையில் நகர்வதற்குக் கிரேப்வைன் என்று பெயர், சுருக்கமாக வைன். திராட்சைக் கொடி பின்னிப் படர்வதுபோல் கால் பின்னுவதால் வந்த பெயர், பொருத்தமான பெயர்தான். ஆனால் தமிழ் எழுத்தில் கொடியும் அதன் பழத்திலிருந்து இறக்கும் மதுவும் ஒன்றாகிவிடுகின்றன. வலப்பக்கம் வைன் என்று ஆசிரியர் கூவினால் தமிழ்க் காது வலப்பக்கம் பார் கவுன்ட்டர் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கும். பெரும்பாலும் இருக்கவும் செய்யும். மொழியியல் முரண் இவ்வளவு சீராகக் கட்டடக்கலையோடு ஒத்துப்போவது அரிது.

கூவலின் இன்னொரு குறை, அது நின்றுவிடும். பாடத்தின்போது எல்லா அடியும் சொல்லப்படும். பாட்டு போட்டதும் முதல் சில சுவர்களுக்குச் சொல்லப்படும். அதற்குப்பின் ஆசிரியரும் மனிதர், பாட்டு அவருக்கும் பிடித்திருக்கிறது. கூவல் நிற்கும் கணமும் புதியவர் ஆறு மணிச் சுவரைப் பார்த்துத் தனியே நிற்கும் கணமும் ஏன் இத்தனை முறை ஒன்றாகவே வருகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. ஆசிரியர் வகுப்புக்கு முதுகு காட்டி நின்று கற்பிப்பதும் இதற்கு வழிகோலுகிறது. அவர் வலது நம் வலதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அப்படி நிற்கிறார். பன்னிரண்டு மணிச் சுவரில் அது அருமையான ஏற்பாடு. ஆறு மணிச் சுவரில் ஆசிரியர் அறுபது பேருக்குப் பின்னால் நிற்கும் ஒரு குரல்.

நான்காவது தடை ஆறுதலின் உருவில் வருவது. யாரும் உங்களைப் பார்ப்பதில்லை, அவரவருக்கு அவரவர் கால்தான் கவலை என்று பழகியவர்கள் புதியவரைத் தேற்றுவார்கள். நடுவில் நிற்பவருக்கு இது உண்மை. முன்னணியில் அகப்பட்டவருக்கு இது அப்பட்டமான பொய். அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் புதியவர்கள். எதிரே தெரிவது அவர் கால்கள் மட்டும்தான். ஆதலால் அத்தனை பேரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். அவர் விரும்பாமலே ஆசிரியராகிவிட்டார். தொப்பி வைத்திருந்தால் தீர்ந்தது. ஜான் ஸ்டெட்சன் 1865-இல் பிலடெல்பியாவில் தொப்பித் தொழில் தொடங்கியது வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் அகன்ற விளிம்பு வேண்டும் என்பதற்காக. நடனத் தேர்ச்சிக்குச் சான்றிதழாக அதை அவர் விற்றதாகக் குறிப்பில்லை. ஆனாலும் கூடத்தில் தொப்பிக்காரர் இடது பக்கம் திரும்பினால் பின்னால் மூன்று வரிசை இடது பக்கம் திரும்பும். சரியாகத் திரும்பிய ஒருவர் தான்தான் தவறு என்று எண்ணித் திருத்திக்கொள்வார். தயங்கித் தயங்கிச் சரியாக ஆடுகிறவரை யாரும் பின்பற்றுவதில்லை, துணிவாகத் தவறு செய்கிறவரைக் கூட்டம் பின்பற்றும். இதற்கு நடனக் கூடத்துக்கு வெளியேயும் எடுத்துக்காட்டுகள் இருக்கலாம். அவை இக்கட்டுரையின் எல்லைக்குள் வாரா.

பிழை இப்படி வரிசை வழியே பரவும் என்பதற்கு நல்ல சான்று எலக்ட்ரிக் ஸ்லைட் என்ற வரிசையாட்டம். ரிக் சில்வர் தாம் அமைத்ததாகச் சொல்லும் மூலத்தில் 22 அடிகள். 1989 வாக்கில் உலகெங்கும் பரவியதோ 18 அடி வடிவம். நான்கு அடிகள் எங்கே போயின என்பதற்கு இவ்வாய்வின் ஊகம் எளிது: ஏதோ ஒரு திருமணக் கூடத்தில் ஏதோ ஒரு முன்வரிசையின் கால்களில் விழுங்கப்பட்டிருக்கும். ஏடு பெயர்த்தெழுதியவர் ஓர் அடியை விட்டால் அடுத்த படியிலும் அது இராது. நம் பதிப்பாசிரியர்கள் அதைப் பாடபேதம் என்று மரியாதையாக அழைத்து அடிக்குறிப்பில் வைப்பார்கள். சில்வருக்கு அந்தப் பொறுமை இல்லை. 2007-இல் இணையத்தில் ஏறிய காணொளிகளில் மக்கள் தம் நடனத்தைத் தவறாக ஆடுவதாகக் கூறிக் காப்புரிமையின் பேரில் அவற்றை நீக்கச் சொன்னார். ஓர் இசைநிகழ்ச்சியில் சிலர் சில விநாடி ஆடியதும் அதில் அடக்கம். அந்தக் காணொளியை ஏற்றியவர் சார்பில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அவர்மேல் வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டே சமரசமாகி, வணிக நோக்கமில்லாமல் யாரும் அதை ஆடலாம், ஆடிக் காட்டலாம் என்று உரிமம் தந்தார். அடி தவறியதற்காக நீதிமன்றம் வரை போன வரலாறு உள்ள கலையில், யாரும் பார்ப்பதில்லை என்ற ஆறுதலை எந்த அளவுக்கு நம்புவது என்பதை வாசகர் முடிவுக்கே விடலாம். இசையின் அளவு பெரும்பாலும் எட்டெட்டாகச் செல்ல, 18 அடி ஆட்டம் அதோடு ஒட்டாமல் நழுவிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடையில் தொலைந்தவர் பாட்டைக் கேட்டு வழி கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆகவே புதியவரின் இடம் நட்ட நடு. முன்னும் பின்னும் இருபுறமும் ஆள் இருப்பதால் எந்தச் சுவருக்குத் திரும்பினாலும் எதிரே ஒரு முதுகு இருக்கும். நடு என்றால் தவறு மறைந்துவிடும் என்று பொருள் கொள்ளலாகாது. உரையாசிரியர்கள் வழுக்கக்கூடிய இடம் இது. நடுவில்தான் தவறு உடனே தெரியும். எல்லோரும் இடப்பக்கம் திரும்ப இவர் வலப்பக்கம் திரும்பினால், இதுவரை வலது தோளருகே இருந்தவருடன் முகத்துக்கு முகம் நிற்பார். முன்பின் அறியாத ஒருவருடன் ஒரு சாண் தூரத்தில், இசை ஓட ஓட, இருவரும் புன்னகைத்தே ஆக வேண்டிய நிலை. அந்தப் புன்னகை ஒரு தட்டுக்கு மேல் நீடிக்காது, இவர் திரும்பிவிடுவார். அதே தவறை ஓரத்தில் செய்தவருக்கு எதிரே முகம் இல்லை, சுவர் இருக்கிறது, அதனால் எட்டு எண்ணிக்கை வரை மன அமைதியுடன் எதிர்த்திசையில் ஆடுவார். அவருக்குப் பின்னால் கூட்டமே சிரித்து ஓய்ந்திருக்கும். நடு தவறின் ஆயுளைக் குறைக்கிறது. ஓரம் அதற்கு நீண்ட ஆயுளும் நிறைய சாட்சியும் தருகிறது.

இங்கிருந்து புதியவருக்கு உகந்தது என்ற விளம்பரச் சொல்லுக்கும் ஒரு வரையறை கிடைக்கிறது. மெதுவான பாட்டு, பொறுமையான ஆசிரியர், தள்ளுபடி விலையில் பானம் எதுவும் அந்த வரையறைக்குள் வராது. நான்கு ஓரங்களிலும் ஆட்டம் தெரிந்தவர் நிற்கும் கூடமே புதியவருக்கு உகந்தது. நல்ல கூடங்களில் பழகியவர்கள் யாரும் சொல்லாமலே விளிம்புகளுக்கு நகர்ந்து நடுவைக் காலியாக விடுவார்கள். குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? ஓரத்துக்கு ஒருவராக நால்வர் என்று தோன்றும். இல்லை, இரண்டே பேர் போதும். ஒருவர் முன்வலது மூலையில், மற்றவர் பின்னிடது மூலையில். முதலாமவர் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் முன்னணி, இரண்டாமவர் ஆறுக்கும் ஒன்பதுக்கும். அறுபது பேர் கொண்ட கூடத்தை எதிரெதிர் மூலையில் நிற்கும் இருவர் தாங்குகிறார்கள். தேற்றம் அழகானது, ஆனால் மெல்லியது. இருவரில் ஒருவருக்குத் தாகம் எடுத்தால் இரண்டு சுவர் இடிந்துவிடும்.

கடைசித் தடையை எழுப்புவது இக்கட்டுரையின் சொந்தக் கணக்கே. எல்லாப் புதியவர்களும் இதைப் படித்து நடுவுக்கு விரைந்தால் என்ன ஆகும்? வரிசைக்குப் பத்துப் பேராக ஆறு வரிசை போடுவோம். உள்ளே இருக்கும் இடங்கள் நான்கு எட்டு 32. விளிம்பில் 28 பேர் நின்றே தீர வேண்டும். தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் என்றாலும் மீதி இருபத்திரண்டு இடத்துக்கு ஆள் வேண்டும். அவர்களை யாரும் நியமிப்பதில்லை. பாட்டு தொடங்கிய பிறகு வந்து சேர்கிறவர்களுக்கு வரிசையின் முனைதான் கிடைக்கும். ஆகையால் பாடத்தைத் தவறவிட்டவர்களே பெரும்பாலும் அந்த இடங்களை நிரப்புகிறார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தவர், தொப்பி வாங்கக் கடைக்குப் போய்விட்டு அதைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தவர், ஒரே ஒரு வாய்தான் என்று கோப்பையோடு தயங்கி நின்றவர். கடைசி ஆளாக வந்தோம், ஓரமாக நின்றுகொள்வோம் என்று அவர் மூச்சு வாங்கி நிமிரும்போது கூடம் திரும்புகிறது.